துரையின் பின்பக்கமும் கத்தரீனின் டேப்லட்டும்

காலையில் எழுந்ததும் கத்தரீன் முதலில் துடைப்பது டேப்லட்டின் முகத்தைத்தான். தன் முகம் அதற்கப்புறம், ஞாபகம் இருந்தால். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து, மேலிருந்து கீழாக, மூச்சை அடக்கிக்கொண்டு துடைப்பாள். மூச்சு பட்டால் திரையில் மறுபடி ஆவி படிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து தன் முகத்தை அவள் ஒருநாள்கூட இவ்வளவு பதமாகத் தொட்டதில்லை என்று கணவன் லூயிஸுக்கு ஒரு மனக்குறை உண்டு.

"ஒங்க மொகத்துக்கு வாரண்டி முடிஞ்சி ரொம்ப நாளாச்சு லா" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள்.

கத்தரீனுக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் போடுவது தொழில். கோலாலம்பூரில் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக, கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் உட்கார்ந்து, டேப்லட்டில் யானைக்கும் எலிக்கும் சட்டை மாட்டிக்கொண்டிருப்பாள். லைனில் யாரைக் கேட்டாலும் "அது வீட்ல ஒக்காந்து கேம் வெளையாடுது" என்பார்கள். அதை மறுத்துப் பேசுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். கேம் விளையாடுகிறவளிடம் யாரும் சும்மா வந்து கல்யாணக் கார்டுக்குப் படம் கேட்பதில்லை.

அந்த மலையில் ஈரம் வீட்டு ஆளைப் போல உரிமையோடு புழங்கும். தலையணைக்குள் படுத்துக்கொள்ளும், உப்பு ஜாடியில் இறங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காலில் போடுகிற சப்பாத்தில் பச்சைத் தாடி வளர்த்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மின்சாரச் சாமானை உயிரோடு வைத்திருப்பது கைக்குழந்தையை வளர்ப்பது போலத்தான். டேப்லட்டைச் சுற்றி ஒரு பழைய சால்வை. சால்வையைச் சுற்றிப் பெரிய பிஸ்கட் டின். டின்னுக்குள், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் குட்டி மணிப் பைகள், அவை கைநிறைய. தானா ராத்தா டவுனில் சப்பாத்து விற்கும் கடைக்காரர் கத்தரீன் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே அந்தப் பைகளைப் பொறுக்கி எடுத்து வைத்துவிடுவார். அவள் இதுவரை அங்கே ஒரு ஜோடி சப்பாத்தும் வாங்கியதில்லை.

பேனா முனை தேய்ந்து சாய்ந்தால் திரையில் கீறல் விழும் என்று அடிக்கடி நகத்தால் தடவிப் பார்ப்பாள். கை வியர்வை படாமல் இருக்க, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் மட்டும் ஓர் உறை. கடையில் வாங்கினால் விலை கூட என்று, லூயிஸின் காலுறையை வெட்டித் தைத்துக்கொண்டாள். இடது காலுறை போன இடம் தெரியாமல் லூயிஸ் ஒரு வாரம் தேடினான்.

இத்தனை பாதுகாப்பையும் மீறி வருகிற ஒரே ஆபத்து அவள் மாமனார் கிரகரி. தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தட்டையாக, கறுப்பாக, மேசை மேல் எது கிடந்தாலும் அது அவருக்குத் தட்டுதான். சூடான தேத்தண்ணிக் கோப்பையை அதன் மேல் வைத்துவிட்டு, "என்னா கத்தரீனு, தட்டு இப்பிடி வழுக்குது?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு நாள் முட்டையிடவில்லை.

டேப்லட் வந்த வழியும் சொல்லத்தக்கதுதான். கியா பார்ம் பக்கம் போனால் சாலையோரக் கடைகளில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஸ்ட்ராபெரிப் பலகைகளைப் பார்க்கலாம். அவற்றில் பாதி கத்தரீன் வரைந்தவை. பழத்துக்கு எதற்குப் பல் என்று அவள் முதலில் கேட்டாள். பல் இருந்தால்தான் டூரிஸ்ட் பஸ் நிற்கும் என்றார்கள். கண், பல், கை, கால், சில கடைகளுக்குத் தொப்பி என்று வரைந்து தள்ளிக் காசு சேர்த்தாள். இன்றைக்கும் ஸ்ட்ராபெரியைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பிடத் தோன்றாது, பல் விளக்கிவிடத்தான் தோன்றும்.

இனி அவளுடைய புத்தகங்கள். படுக்கை அறை அலமாரியில், துணிமணிக்கு இருக்க வேண்டிய இடத்தில், நாற்பது ஐம்பது படப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். பாதி அவளால் வாசிக்க முடியாத மொழியில். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. முதல் புத்தகம் தானா ராத்தாவில் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது, அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது. ஓர் எருமை சட்டை தைக்கத் தையல்காரனிடம் போகிறது. சட்டையோடு நிற்காமல் சிலுவாரும், அதாவது கால்சட்டையும், வேண்டும் என்கிறது. தையல்காரன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எருமையின் பின்பக்கம் போகிறான். நாடா பத்தவில்லை. இன்னொரு நாடாவை முடிகிறான். அதுவும் பத்தவில்லை. கடைசியில் ஊரில் இருக்கிற துணிக்கொடி எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பக்கம் முழுக்க எருமையின் பின்பக்கம், அதன் நடுவே எறும்பு மாதிரித் தையல்காரன். எருமையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. கொஞ்சமும் வெட்கம் இல்லை.

அந்தச் சிரிப்புக்காகத்தான் கத்தரீன் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் லோரி. அவள் நடந்து போனால் பின்னாலிருந்து பையன்கள் "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று கத்துவார்கள். அப்பனைப் போல ஒல்லிக் கால், அம்மாவைப் போல அகன்ற இடுப்பு என்று கர்த்தர் ஏதோ அவசரத்தில் படைத்துவிட்டார். அன்றிலிருந்து முழங்கால் வரை நீண்ட சட்டைதான். படம் எடுக்கிறோம் என்றால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். உலகத்திலேயே தன் சொந்தக்காரர் அந்த எருமை ஒன்றுதான் என்று அவள் நம்பிய காலம் உண்டு.

அதிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய சித்தாந்தம். நல்ல படப் புத்தகம் என்றால் அதில் ஒரு குண்டியாவது இருக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் புத்தகம் எதை எடுத்தாலும் காட்டுவாள். சீனப் பாலர் பள்ளியில் வேண்டாம் என்று போட்ட ஒரு புத்தகத்தில், காணாமல் போன கோழியை ஊரெல்லாம் தேடுகிற குண்டு அத்தையின் பின்பக்கத்திலேயே கோழி சுகமாகச் சவாரி செய்யும். எழுத்தே இல்லாத இன்னொன்றில், நாட்டாமையின் ஊர்வலத்துக்கு மேலே ஒரு மேகம் திரும்பி நின்று ஒன்றுக்குப் போகும். பிள்ளைகள் ஒரு புத்தகத்தை இரண்டாவது முறை திறப்பது அதற்காகத்தான், மற்றதெல்லாம் பெரியவர்கள் வாங்க வேண்டுமே என்று எழுதுவது என்பது அவள் முடிவு.

பதிப்பகத்தில் இருந்த சாந்தினிக்கு இந்தச் சித்தாந்தம் ஆகாது. சாந்தினிதான் கத்தரீனுக்கு வேலை கொடுப்பவள், நல்ல பெண், ஆனால் எல்லாக் கதைக்கும் முடிவில் ஒரு நீதி வேண்டும் அவளுக்கு. பல் விளக்குவோம், குப்பை போடாதே, வரிசையில் நில் என்று பன்னிரண்டு புத்தகங்களுக்குக் கத்தரீன் படம் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு பின்பக்கத்தை ஒளித்து வைப்பாள். ஒவ்வொன்றையும் சாந்தினி கண்டுபிடித்து, "அக்கா, கொஞ்சம் சின்னதாக்கலாமா?" என்று கேட்பாள். அட்டையில் கதை எழுதியவர் பெயர்தான் இருக்கும். கத்தரீன் பெயர் உள்ளே, அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, எறும்பு சைஸில்.

பதின்மூன்றாவது புத்தகம் அவளுடைய சொந்தக் கதை. சாந்தினியிடம் சண்டை போட்டு, கெஞ்சி, கடைசியில் அழுதும் வாங்கிய சம்மதம். கதையும் கத்தரீன், படமும் கத்தரீன், அட்டையில் கத்தரீன். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மாதக் கடைசிப் புதன்கிழமைக்குள் படமெல்லாம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த இடத்தில் 'கை கழுவுவோம்' என்ற புத்தகம் போகும். அதற்கும் படம் போடப் போவது கத்தரீன்தான்.

கதை அவள் கற்பனை செய்ததல்ல, தோட்டத்தில் நடந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதற்கு நீளமான தொட்டிகள் இருக்கின்றன. கீழே விசிறி ஓடும், வலைக்கு மேலே கொழுந்து பரப்பிக் கிடக்கும், சூடான காற்று ஏறிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் லைனில் எது காயாவிட்டாலும் யாராவது தொழிற்சாலைக்காரன் கையில் கொடுத்து அங்கே அனுப்பிவிடுவார்கள். பள்ளிச் சீருடை, ஞானஸ்நானச் சட்டை, ஒருமுறை ஒரு கல்யாணப் பந்தலின் துணி முழுவதும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது. தொட்டிகளைக் கழுவிக் காற்று விடுவார்கள். அன்றைக்குத் தொழிற்சாலை மாடியைப் பார்த்தால் துணிக்கடை தோற்றுவிடும். லூயிஸுக்கு வேலையே அந்த மாடியில்தான்.

கிரகரி அங்கே அனுப்பியது கருவாடு. பங்கோர் தீவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த கருவாடு வீட்டில் நமுத்துப் போகிறது என்று, மகனுக்கும் தெரியாமல், ஒரு பொட்டலமாகக் கட்டி விசிறிக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டார். எடுக்க மறந்துபோனார். தேயிலை பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாரத்துத் தேயிலையை ருசி பார்த்தவர்கள் குழம்பு எங்கே என்று கேட்டார்களாம்.

அப்போது துரையாகப் புதிதாக வந்திருந்தார் புவனேஸ்வரன். மேனேஜர் என்றுதான் பலகையில் இருக்கும், லைனில் இன்னும் துரைதான். வெள்ளைக்காரத் துரை போன பிறகும் அவர் விட்டுப்போன அரைச் சிலுவாரை விடாதவர். வாசம் எங்கிருந்து வருகிறது என்று அவரே கண்டுபிடிக்கப் போனார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மோந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் தொழிற்சாலையே வரிசை கட்டி நின்றது, கருவாடு ஞாபகம் வந்து ஓடிவந்த கிரகரியும் சேர்ந்து. முன்னால் மூக்கு வேலை செய்ய, பின்னால் அந்த அரைச் சிலுவார் ஒவ்வொரு குனிதலுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது. கடைசித் தொட்டியில் விசிறிக்குப் பின்னால் தலையை விட்டபோது கருவாடு தலையில் விழுந்தது, சிலுவாரும் கிழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதாவது, துரை மாடிப்படி இறங்கும் வரை யாரும் சிரிக்கவில்லை.

லூயிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இனிமேல் ஒரு கைக்குட்டை காய்ந்தாலும் வேலை போய்விடும் என்று துரை சொல்லிவிட்டார். இது நடந்து மூன்று வருடம்.

கத்தரீன் அந்தக் கதையைத்தான் வரைந்தாள். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் பக்கங்களில், எருமைக்குச் செலுத்தும் நன்றியாக, துரையின் பின்பக்கம் இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு நின்றது.

அந்த வருடம் மழை நிற்கவே இல்லை. கடைசி வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை டேப்லட்டைத் திறந்தால், திரைக்கு உள்ளே யாரோ மூச்சுவிட்டது போல ஆவி. வெளியே எவ்வளவு துடைத்தும் போகவில்லை. பேனாவை இடது பக்கம் வைத்தால் கோடு தானாகவே நடுங்கிக்கொண்டு எங்கோ ஓடியது. ஈப்போவில் பழுது பார்க்கிற கடைக்குப் போன் போட்டாள். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அரிசி டின்னில் புதைத்தாள். கிரகரி அதைக் கவனிக்காமல் அரிசி அள்ளி, டேப்லட்டோடு சேர்த்துக் கழுவப் பார்த்தார். போதாததற்கு அலமாரியில் எருமைப் புத்தகத்தின் முதுகில் வெள்ளையாகப் பூசணம்.

கத்தரீன் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பெரிய மூக்குச் சிந்தலோடு, நன்றாகவே அழுதாள். "பதிமூணு வருசமா ஒரு தடவ என் பேரு மேல வரட்டும்னுதானே கேட்டேன்" என்றாள்.

லூயிஸ் அவள் கையில் ஒரு துண்டைக் கொடுத்தான். அவன் பெரிய பேச்சுக்காரன் இல்லை. "நாளான்னிக்கு ஞாயிறு. தொட்டி கழுவுவோம். குடு, கொண்டு போறேன்" என்றான்.

"வேல போயிரும்ங்க."

"கருவாடா கொண்டு போறேன்? இதுக்கு வாசமா இருக்கு?"

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்லட்டும் எருமைப் புத்தகமும் லூயிஸின் மழைச்சட்டைக்குள் ஒளிந்து தொழிற்சாலை மாடிக்குப் போயின. கத்தரீன் பூசைக்குப் போனாள். எந்தப் புனிதரிடம் கேட்பது என்றுதான் குழப்பம். அந்தோனியாரைக் கேட்டால் தொலைந்த பொருள் கிடைக்கும். இது தொலையவில்லை, நனைந்திருக்கிறது. கடைசியில் பெயர் குறிப்பிடாமல், பொறுப்பில் இருக்கிறவர் யாரோ அவருக்கு என்று வேண்டிக்கொண்டாள்.

புனிதர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். மதியத்துக்குள் ஆவி முழுக்கப் போய்விட்டது. கெடுத்தவன் லூயிஸ். ஆவி போய்விட்டதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினான். பன்னிரண்டாம் பக்கம் வெளிச்சமாக எழுந்து நின்றது. லூயிஸுக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. பக்கத்தில் தொட்டி கழுவிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் நேப்பாளத்துக்காரனைக் கூப்பிட்டான். ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே குரலில் "போஸ்!" என்று துரையைச் சொன்னார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை என்று லூயிஸுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். அது துரை.

துரை டேப்லட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். எருமைப் புத்தகம் மட்டும் தொட்டியில் கிடந்தது, நன்றாகக் காய்ந்து.

திங்கட்கிழமை காலை கத்தரீன் ஆபீசுக்குப் போனாள். கிரகரியும் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. "கருவாடு என்னோடது. அந்தப் படம் அதுல இருந்துதானே வந்திச்சு? அப்ப நான்தானே குத்தவாளி?" என்றார். அவர் கணக்கில் அது நியாயமாகத்தான் இருந்தது.

துரையின் மேசை மேல் டேப்லட் கிடந்தது. பக்கத்தில் பாதி கடித்த கறிபாப் பலகாரம். திரை முழுக்க எண்ணெய் விரல்கள். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார், சின்னதாக்கிப் பார்த்திருக்கிறார், மறுபடி பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கத்தரீன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு அத்தனையும் மறந்துபோயிற்று. பையிலிருந்து துணியை எடுத்து, துரையைக் கேட்காமலே மேலிருந்து கீழாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எண்ணெக் கையோட தொட்டா மேல ஒட்டியிருக்கிற தாள் போயிரும் சார்" என்றாள்.

துரை கையைச் சிலுவாரில் துடைத்துக்கொண்டார். பிறகுதான் தான் கோபமாக இருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

"இது யாரு?"

"ஒரு தொர சார்."

"எந்தத் தொர?"

"பொதுவா ஒரு தொர."

"பொதுவான தொரைக்கு என் கண்ணாடி எப்பிடி வந்திச்சு? என் கழுத்து மச்சம் எப்பிடி வந்திச்சு?" குரலைத் தாழ்த்தினார். "இவ்ளோ பெருசாவா இருக்கு?"

கத்தரீன் வாயைத் திறக்கவில்லை. கிரகரி திறந்துவிட்டார். "அன்னிக்குக் கிட்ட நின்னு பாத்தேன் தொர. கத்தரீனு கொறைச்சுத்தான் போட்டிருக்கு."

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது சரியில்லை என்று உடனே புரிந்து, மறுபடி இவர்கள் பக்கம் திரும்பினார்.

"கொறைச்சிருங்க. அவ்ளோதான் சொல்வேன். இதே சைஸுல புக்கு வந்திச்சின்னா, லூயிஸ் வேற வேல பாத்துக்கட்டும்."

டேப்லட் கையில் வந்துவிட்டது. கத்தரீன் வீட்டுக்கு வந்து, கை கழுவி, துடைத்து, காலுறையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குறைத்தாள். பக்கம் செத்துப்போயிற்று. அங்கே யாரோ ஓர் ஆபீசர் தொட்டியைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் குறைத்தாள். இப்போது அவருக்கு வயிற்றுவலி. சிலுவாரை நீளமாக்கினாள். கருவாடு விழுவதில் சிரிப்பே இல்லை, பரிதாபமாக இருந்தது. நீதிக் கதை மாதிரி ஆகிவிட்டது. இதற்குக் கை கழுவுவோமே மேல்.

"பேசாம என்னோடத போட்டுரு" என்றான் லூயிஸ். பாவம், மனசாரத்தான் சொன்னான்.

"ஒங்களுக்கு அங்க என்னாங்க இருக்கு போடுறதுக்கு?"

கிரகரியும் தன்னுடையதை முன்வைத்தார். அதுவும் சப்பை. குடும்பத்தில் ஆண்களுக்கு யாருக்கும் பாக்கியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானமும் பக்கம் அசையவில்லை. மறுநாள் அனுப்ப வேண்டும். இந்தப் பக்கம் இல்லாமல் புத்தகம் இல்லை, இந்தப் பக்கம் இருந்தால் லூயிஸுக்கு வேலை இல்லை. கத்தரீன் துணியை எடுக்க அலமாரியைத் திறந்தாள். காய்ந்து திரும்பி வந்திருந்த எருமைப் புத்தகம் மேலேயே இருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் பிரித்துப் பார்த்தாள். எருமை அன்றைக்கு மாதிரியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு கண்ணாடி. அதில் அவள் தன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நீளச் சட்டையை இடுப்புவரை சுருட்டி முடிந்தாள். கண்ணாடிக்கு முதுகு காட்டிக் குனிந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

கர்த்தர் அவசரப்படவே இல்லை. நேரம் எடுத்துத்தான் படைத்திருக்கிறார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு மறுபடி சிரிப்பே வந்தது. முப்பது வருடமாக எவனோ கத்தின ரிவர்ஸுக்குப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் துரை புத்தகத்திலிருந்து காலி. அவர் இடத்தில் ஒரு பெண் துரை, ஒல்லிக் காலோடு, நீளச் சட்டையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் நிறைத்துக் குனிந்து தேயிலையை மோந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்ற வரிசை அப்படியே இருந்தது. ஒரு சின்ன மாற்றம், பெண் துரை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

புதன்கிழமை சாந்தினி போன் போட்டாள். வழக்கமான குரலில் ஆரம்பித்தாள். "அக்கா, எல்லாம் சூப்பர். இந்தப் பன்னண்டாம் பக்கம் மட்டும் கொஞ்சம் சின்னதாக்கலாமா?"

"அது நான்தான்" என்றாள் கத்தரீன்.

"என்னா?"

"அந்தத் தொர நான்தான் லா. அது என்னோடதுதான். அளவெடுத்துத்தான் போட்டேன்."

எருமையை, யானையை, பொதுவான துரையைச் சின்னதாக்கச் சொல்லலாம். ஒரு பொம்பளையிடம், உன்னுடையதைச் சின்னதாக்கு என்று எந்த மரியாதைப்பட்டவள் சொல்வாள்?

"அப்படியே இருக்கட்டும்கா" என்றாள் சாந்தினி கடைசியில், மெலிந்த குரலில். "நீதி ஏதாச்சும் இருக்கா?"

"கருவாட்ட வீட்லயே வச்சுக்க."

புத்தகம் ஏப்ரலில் வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் கத்தரீன். லைனில் ஒரு பெண் விடாமல் எல்லாரும் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்த கணமே ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். வாசலில் கூடிச் சிரித்த சிரிப்பில் அவளும் கூட நின்று சிரித்தாள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் அவளை வழியில் பார்த்தால், "தொர வருது, தொர வருது" என்று ஓடிவந்து, கொஞ்சம் திரும்பச் சொல்லிக் கேட்டார்கள். அவளும் திரும்பிக் காட்டினாள். லூயிஸ் மாடியில் பழையபடி கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் துரையின் வண்டி லைனுக்கு வந்து நின்றது. கையில் புத்தகத்தோடு இறங்கினார். அதே அரைச் சிலுவார், தைத்தது. கத்தரீன் வாசலுக்கு வந்தாள். கிரகரி கோட்டைத் தேட உள்ளே ஓடினார்.

துரை புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், அட்டைக்குப் பின்னாலும் பார்த்தார்.

"நான் எங்க?" என்றார்.

"எடுத்துட்டேன் சார். நீங்கதானே..."

"கொறைக்கத்தானே சொன்னேன்? எடுக்கவா சொன்னேன்?" அவர் புத்தகத்தை மறுபடி புரட்டினார். "கிள்ளான்ல எங்கம்மாகிட்ட, புக்குல வரப்போறேன்னு சொல்லி வச்சிருந்தேன். அஞ்சு புக்கு வாங்கி அனுப்பிட்டேன். அம்மா ஒவ்வொரு பக்கமா தேடிட்டு நேத்து போன் போட்டாங்க."

கத்தரீனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் இந்த ஆளுக்கா பயந்தோம் என்றிருந்தது. பள்ளிக்கூடப் படத்தில் தன் முகம் மறைந்துபோன பிள்ளை மாதிரி நின்றார்.

"அடுத்த புக்கு ஏதாச்சும் எழுதுறீங்களா?" என்று கேட்டார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"எழுதணும் சார்."

"அதுல எடம் இருக்குமா?"

"இருக்கும். எந்த சைஸுல சார்?"

துரை யோசித்தார். வண்டிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்து, பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அசல் சைஸுலயே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வண்டிக்கு நடந்தார்.

கத்தரீன் உள்ளே ஓடிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டு, காலுறையை விரலில் மாட்டி, டேப்லட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். அவர் வண்டியில் ஏறுவதற்குள் வரைந்துவிட வேண்டும்.